அந்தக் காப்பியில் சீனி இல்லை

மேலகரம்,
ஆடி மாதம், சாரல் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, கீழப்பாவூர் முன்னாள் ஹவில்தார் பிச்சையா அவர்களுக்கு, ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் தங்கசாமி தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் வீட்டுக்காரி வள்ளித்தாயும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் என் சுகம் இந்நேரம் தங்கள் வீட்டு நடுக்கூடத்தில், என் மருமகள் உமாராணியின் போனில், நம்பராகவும் அம்புக்குறியாகவும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், அதை நான் வேறு எழுதினால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சி ஆகிவிடும். தங்கள் தென்னைக்கும் வெங்காயத்துக்கும் இந்தச் சாரல் அனுகூலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். முகமில்லை. போனில் சொல்லலாம் என்றால், தாங்கள் பீரங்கிப் பக்கம் சேவை செய்த காதுக்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர்கள். நான் வீட்டுக்குள் சொல்வது பாவூர்ச்சத்திரம் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். வாட்ஸப்பில் எழுதினால் அதை உமாதான் முதலில் திறப்பாள். ஆகவே பேனாவை எடுத்தேன். இது தங்கள் ஒருவர் பார்வைக்கு மட்டும்.

என் கையில் ஒட்டியிருக்கும் அந்தச் சென்சாரிலிருந்து ஆரம்பிக்கிறேன். போன தைக்குச் செருப்புக் கடித்து, கால் பெருவிரலில் வந்த புண் பங்குனி வரைக்கும் ஆறவில்லை, டாக்டர் விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்பது தங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் மருந்துக்கடை பார்க்கிற பிள்ளையல்லவா, உமா சும்மா இருப்பாளா? பிரசவத்துக்கு ஊருக்கு வந்த அன்றைக்கே, ஒரு ரூபாய்த் துட்டைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒன்றைக் கொண்டுவந்து என் இடது புஜத்தின் பின்பக்கம் டக்கென்று அமுக்கி ஒட்டிவிட்டாள். "மாமா, இனிமே விரல்ல குத்துத வேலையே இல்ல. சுகர் எவ்வளவுன்னு இதுவா பாத்து ஒங்க போனுக்கும் எம்போனுக்கும் சொல்லிரும்" என்றாள். "ஒம்போனுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன். "நீங்க பொய் சொன்னா தெரியணும்லா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சம்பந்தி, அதுதான் நான் கடைசியாக நிம்மதியாகச் சிரித்தது.

தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எத்தனையோ பேரை ராத்திரி பகலாகக் கண்காணித்தவன் நான். கண்காணிக்கப்படுகிறவன் படும் பாடு இந்த வயசில்தான் தெரிகிறது. ஒரு வாழைப்பழத்தைத் தோல் உரிப்பேன். அரை மணி நேரத்தில் கீழப்பாவூரிலிருந்து போன் வரும்: "மாமா, என்ன சாப்ட்டிய?" ஒருநாள் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, செங்கோட்டைப் பக்கம் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டு, பீடாவும் போட்டுக்கொண்டு, ஆள் அடையாளம் தெரியாத கள்ளன்போல வீடு திரும்பினேன். சென்சார் அத்தனையையும் தனக்குள் வைத்திருந்து, போன் பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், மொத்தத்தையும் கக்கிவிட்டது. திரையில் ஒரு மலை எழும்பியது, நம்ம திரிகூடமலை தோற்றுப்போகும். "மாமா, இது பரோட்டா மலைதானே?" என்று கேட்டாள் உமா. அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அழுதாள். "புண்ணு இப்பத்தான் மூடுது மாமா, பேரப்பிள்ளைய நடந்து போய்த் தூக்க வேண்டாமா?" என்றாள். அன்றைக்கு அவள் தலைமேல் சத்தியம் செய்தேன், இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று. வயிற்றுப்பிள்ளைக்காரி தலைமேல் செய்த சத்தியம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்கவும்.

வளைகாப்பு நாளுக்கு வருகிறேன். ஆனி மாதம் தங்கள் வீட்டில் அத்தனை சிறப்பாக நடந்தது. ஏழு வகைச் சாதம், பந்தல், மைக்செட்டு, எதிலும் ஒரு குறையும் கிடையாது. எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டியது. என் வாய்தான் முதலில் கெடுத்தது. மைக்கைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்க முடியாதே? "மனுசனுக்குக் கட்டுப்பாடு வேணும். நான் இனிப்பைத் தொட்டு மூணு மாசமாச்சு" என்று பேசி, தங்கள் சொந்தக்காரர்கள் கைதட்டி, அவர்கள் நடுவில் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கை கழுவப் போகிற வழியில் அந்த உள் அறைக் கதவு ஒருச்சாய்த்து இருந்தது. உள்ளே எவர்சில்வர் வாளி நிறைய, கருப்பட்டிப் பாகில் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. சம்பந்தி, நான் ஒன்று எடுத்தேன் என்று எழுத ஆசைப்படுகிறேன். வாளியில் பள்ளம் விழுந்தது என்று எழுதுவதுதான் உண்மை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, தங்கள் இல்லாள், நான் உடன்பிறவாத் தங்கச்சியாக நினைக்கும் பேராச்சி, "அண்ணாச்சி, ஒங்களுக்குன்னு தனியாப் பால் காய்ச்சி, சீனி போடாம வச்சிருக்கேன்" என்று காப்பியை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

உமாவுக்குப் பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அலறியது. கூடவே அவள் மடியில் இருந்த போனும் அலறியது. தீயணைப்பு வண்டி இரண்டு எதிரெதிரே வந்த மாதிரி. குலவை போட வாயைத் திறந்த பெண்கள் திறந்தபடியே நின்றார்கள். சந்தனம் பூசின முகமும் முழங்கை வரைக்கும் வளையலுமாக உமா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, முந்நூறுக்கு மேல போகுது. என்ன சாப்ட்டிய?" பந்தலே என்னைப் பார்த்தது. கட்டுப்பாடு பற்றிக் கைதட்டு வாங்கின வாய். அவள் தலைமேல் வைத்த கை. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அப்போது என் கையில் இருந்த காலித் தம்ளர் கண்ணில் பட்டது. "காப்பியத் தவிர ஒண்ணும் சாப்பிடலியேம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சர்வீசில் இருந்த காலத்தில் நான் யார் மேலும் பொய்க் கேஸ் போட்டதில்லை, மேலதிகாரி சொல்லியும் போட்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. ரிட்டயர் ஆன பிறகு முதல் பொய்க் கேஸை என் சம்பந்தி வீட்டில், எனக்குத் தனியாகப் பால் காய்ச்சிய கையின் மேல் போட்டேன். தங்கச்சி, "நான் சீனியே போடலியே" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி, "அவசரத்துல போட்டிருப்பட்டீ, கவனிச்சிருக்க மாட்ட" என்றாள். உமா, அத்தனை பேர் முன்னால் பெற்ற தாயைப் பார்த்து, "ஒரு காப்பி ஒழுங்காப் போடத் தெரியாதாம்மா ஒனக்கு? மாமா கால் போனா யாரு பதில் சொல்லுதது?" என்று கேட்டுவிட்டாள். தங்கச்சி தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், படம் எடுக்கக் கூப்பிட்டபோதுகூட வரவில்லை. வளைகாப்புப் படங்கள் ஒன்றிலும் பெண்ணின் தாய் இல்லை. அன்றிலிருந்து அவள் யாருக்கும் காப்பி போடுவதில்லை, தாங்களே போட்டுக் குடிக்கிறீர்கள் என்று வள்ளித்தாய் வந்து சொன்னாள். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பேப்பர் தலைகீழாக இருந்ததாக அவள் பிறகு சொன்னாள்.

அதன் பிறகு உமா கூப்பிடும் போதெல்லாம் "முழங்கால் வலி, பாதத்தைத் தரையில ஊன முடியல" என்று சொல்லி, தங்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருந்தேன். ஒரு பொய்யைச் சொன்னால் அதற்கு மரியாதை செய்ய வேண்டுமே. இல்லாத முழங்கால் வலிக்கு வைத்தியமும் பார்த்துவிடலாம் என்று போன வாரம், வள்ளித்தாய் ஆலங்குளத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளில், பஸ் ஏறிக் குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனேன். மெயினருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்க்கும் மாரியிடம் போன் வைத்திருந்த பையைக் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்தேன். "அண்ணாச்சி, கையில என்ன பொத்தான் மாதிரி?" என்று கேட்டான். "டிப்பார்ட்மெண்ட்டுல குடுத்தது, தொடாத" என்றேன். பாருங்கள், யார் என்ன கேட்டாலும் பொய்தான் வருகிறது. அவன் முதுகைப் பிசைந்த பிசையில் இடது கையை உடம்புக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனேன். குறட்டை இல்லாத தூக்கம். வளைகாப்புக்குப் பிறகு அப்படித் தூங்கினதே இல்லை.

நான் தூங்கும்போது நடந்ததை மாரி பிறகு சொன்னான். பைக்குள் போன் அலறியிருக்கிறது. ஏதோ பாட்டு என்று விட்டுவிட்டான். திரும்பத் திரும்ப அலறவும் எடுத்திருக்கிறான். அந்தப் பக்கம் உமா. "மாமாவுக்கு நாப்பத்தெட்டுன்னு காட்டுது, மாமா எங்க?" என்று கத்தியிருக்கிறாள். சுகர் நாற்பத்தெட்டுக்கு இறங்கினால் ஆள் மயங்கிவிடும் என்று மாரிக்கு என்ன தெரியும்? "நாப்பத்தெட்டெல்லாம் இருக்காதும்மா, பாத்தா எழுபது சொல்லலாம்" என்றிருக்கிறான். "ஐயோ, அவங்க எப்படி இருக்காங்க?" என்றதற்கு, "மெயினருவிப் பக்கம் குப்புறக் கெடக்காவ. தட்டிப் பாத்தேன், பேச்சு மூச்சு இல்ல" என்றிருக்கிறான். நிறைமாதக்காரி அங்கே அழுதுகொண்டு போனைப் போட்டது பெற்ற தாய்க்கு. தாங்கள் அன்று முன்னாள் படைவீரர் கூட்டம் என்று திருநெல்வேலியில். தங்கச்சி பிள்ளைக்குத் துணிமணி வாங்கத் தென்காசி கடைத்தெருவில் இருந்திருக்கிறாள்.

எனக்கு விழிப்பு வந்தபோது வாய் நிறைய சீனி. கண்ணைத் திறந்தால் மழையில் நனைந்த சேலையும் அவிழ்ந்த கொண்டையுமாகப் பேராச்சி. அவள் கையில் ஒரு டீக்கடையின் முழுச் சீனி டப்பா. ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு வந்தாளாம். "முழுங்குங்க அண்ணாச்சி! முழுங்குங்க! அண்ணாச்சி, எம்மகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!" என்று அள்ளி அள்ளி வாயில் திணிக்கிறாள். எண்ணெய் வழிகிற உடம்பு, இடுப்பில் ஒரு துண்டு, சுற்றிலும் கேரளாவிலிருந்து வந்த கூட்டம் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது. அருவிக் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் என்னிடம் வேலை பழகினவன். "ஐயா!" என்று சல்யூட் அடித்தான். சீனி வாயோடு படுத்துக்கொண்டே பதில் சல்யூட் அடித்தேன். நான் சும்மா தூங்கினேன் தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் இடமில்லை. இடம் வந்தபோது தைரியமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு தூரம் ஓடி வந்தவளை ஏமாற்ற வேண்டாமே என்று கொஞ்சம் முனகவும் செய்தேன்.

தென்காசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னா சுகர் கொறஞ்சுதுன்னு? முந்நூத்துப் பத்து இருக்கு" என்றார். போனைக் காட்டினேன். சிரித்தார். "சென்சார் இருக்குத கைய அமுக்கிப் படுத்தா அது தப்பாத்தான் காட்டும். அந்த எடத்துல ரத்தம் ஓடலன்னா அதுக்கு என்ன தெரியும்? ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, தூங்கியிருக்கீங்க. இப்ப ஏறியிருக்குது நீங்க தின்ன சீனி" என்றார். வெளியே வந்தேன். நனைந்த சேலையோடு, மடியில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கச்சி எழுந்து நின்றாள். "டாக்டர் என்ன சொன்னாரு அண்ணாச்சி?" என்றாள். "தக்க சமயத்துல சீனி குடுத்துருக்காங்க, இல்லன்னா ஆளு இல்லன்னுட்டாரு" என்றேன்.

சம்பந்தி, இதற்கு அவள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கு எங்கைதான் தவறிப்போய்ச் சீனியப் போட்டுருக்கும் அண்ணாச்சி. எத்தனையோ தடவ யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், போட்ட ஞாபகமே இல்ல. ஆனா போட்டுத்தான் இருப்பேன். நீங்க எதுக்குப் பொய் சொல்லப்போறிய? இன்னைக்கு அதே கையால குடுத்து ஒங்கள எழுப்பிட்டேன். எம் பாவம் தீந்துச்சு."

செய்யாத குற்றத்தை ஒருத்தியை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன். அடிக்காமல், மிரட்டாமல், ஒரு காலித் தம்ளரை வைத்துக்கொண்டு. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு நிஜமாகவே மயக்கம் வரும்போல இருந்தது. யாராவது நம்பியிருப்பார்களா?

இப்போது நான் பிழைத்ததற்காக அடுத்த சுவாதிக்கு உங்கள் ஊர் நரசிம்மருக்குப் பானகம் நேர்ந்திருக்கிறாளாம். நானும் வந்து முன்னால் நிற்க வேண்டுமாம். பதினாறு கை உள்ள சாமி, சம்பந்தி. எனக்கு ஒரு கையின் அறையே தாங்காது. அதைவிடப் பெரிய சேதி, நேற்று மகன் குற்றாலீஸ்வரன் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, உமாவுக்குப் பிரஷர் கூடியிருக்காம். ஒங்க நம்பரப் பாத்துக்கிட்டே தூங்காம கெடக்காளாம். கூடிட்டே போனா ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளைய எடுக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு" என்றான். என் வாய் செய்த குற்றத்துக்கு எத்தனை பேர் தண்டனை அனுபவிப்பது? அதனால்தான் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். நான் சாகப் பிழைக்கக் கிடக்கவில்லை, தூங்கினேன். முழங்கால் நன்றாக இருக்கிறது. முந்திரிக்கொத்துத் தின்றேன். காப்பியில் சீனி இல்லை.

தாங்கள் தயவு செய்ய வேண்டியது: உமாவிடம் சொல்லி, என் நம்பர் அவள் போனுக்கு வராமல் பிரசவம் வரைக்கும் நிறுத்தச் சொல்லவும், மகன் பார்த்துக்கொள்வான். பேராச்சித் தங்கச்சியிடம் விஷயத்தை ஒரே அடியாகச் சொல்லாமல், பட்டாளத்தில் வீட்டாருக்குக் கெட்ட சேதி சொல்லுகிற பக்குவத்தில், மெள்ள மெள்ளத் தாங்களே எடுத்துச் சொல்லவும். இந்தக் காகிதம் மட்டும் அவள் கண்ணில் படக்கூடாது. முந்திரிக்கொத்து எத்தனை என்பதையும் சொல்ல வேண்டாம்.

உமாவுக்கு நல்லபடியாகச் சுகப்பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் தழைத்து நிற்க, திருக்குற்றாலநாதரும் உங்கள் ஊர் நரசிம்மரும் துணையிருக்கட்டும். நான் கும்பிட்டால் கேட்பார்களோ என்னவோ, வள்ளித்தாயைக் கும்பிடச் சொல்லியிருக்கிறேன். தங்கள் வயலும் தோப்பும் தாங்களும் நிறைந்து வாழ்க.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கத் தகுதியில்லாத,
தங்கசாமி.

பின்குறிப்பு: கவரை ஒட்ட எச்சில் தொடும்போது வள்ளித்தாய் வந்து யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். சம்பந்திக்கு என்றேன். "அவிய எப்படிப் படிப்பாவ? முந்தாநாள்தான கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு. பேப்பர்ல இருந்து கரண்டு பில்லு வரைக்கும் பேராச்சி மதினிதான் சத்தமா வாசிச்சுக் காட்டுதாவ" என்கிறாள். திரும்ப எழுதலாமா என்று பார்த்தேன். இன்னொரு தடவை எழுத எனக்குத் துணிச்சல் வராது.

ஆகவே தங்கச்சி, இதுவரைக்கும் சத்தமாக வாசித்திருப்பாய். இந்த வரியிலிருந்து மனசுக்குள் படி. மேலே சம்பந்திக்கு எழுதினதெல்லாம் கோழை எழுதினது. ஒங்கிட்ட சொல்லணும்னா நேராச் சொல்லணும், இன்னொரு ஆளை விட்டுச் சொல்லச் சொன்னது தப்பு. ஒங்கையில ஒரு தப்பும் இல்லம்மா. என்ன மன்னிச்சிரு. இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து உங்கள் கேட்டில் செருகிவிட்டு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிவேன். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன், இல்லையென்றால் அடுத்த பஸ் இருக்கிறது. இங்கன வந்து நான் டீகூடக் குடிக்கவில்லை. உமா போனில் நம்பர் ஏறுவதாகக் காட்டினால், அது பயம் என்று அவளிடம் சொல்லு. பயத்துக்கும் சுகர் ஏறுமாம்.